அடைத்த வாசலுக்கு அடுத்த கட்டடம்

அந்தப் பேருந்து நிலையம் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத் தலைநகர் மாண்ட்கோமரியில், சவுத் கோர்ட் தெருவில் இருக்கிறது பழைய கிரேஹவுண்ட் நிலையம். 2011 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. உள்ளே போகுமுன் வெளிச்சுவரில் ஓரிடம் என்னை நிறுத்திவிட்டது. ஒரு வாசலைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். வாசலின் அகலமும் உயரமும் சுவரில் அப்படியே தெரிகின்றன. கறுப்பின மக்கள் முன்வாசல் வழியாக வரக் கூடாது என்பதற்காக வைத்திருந்த தனி வழி அது. செங்கல்லின் மேல் கை வைத்துப் பார்த்தேன். வெயிலில் சுட்டது. இதைப் பூசி மறைக்காமல் விட்டவர்களை மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

அடுத்த கட்டடம்தான் நான் தேடி வந்தது. ஃபிராங்க் எம். ஜான்சன் பெயரைத் தாங்கிய ஃபெடரல் நீதிமன்றம்.

ஜான்சன் இங்கே ஃபெடரல் மாவட்ட நீதிபதியாக இருந்தவர். அப்படிச் சொன்னதும் நம்மூர் மாவட்ட நீதிபதியை நினைத்துக்கொள்ளக் கூடாது. அது தேர்வு எழுதி வருகிற பதவி அல்ல. ஜனாதிபதி பெயரைச் சொல்ல வேண்டும், செனட் சம்மதிக்க வேண்டும். அதன்பின் ஆயுள் முழுக்கப் பதவி. சம்பளத்தைக் கூடக் குறைக்க முடியாது. நாடாளுமன்றம் குற்றம் சாட்டி, விசாரித்து நீக்கினால்தான் உண்டு. ஒரு மனிதருக்கு இத்தனை பாதுகாப்பு எதற்கு என்று எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியதுண்டு. மாண்ட்கோமரியில் நின்றபோது அந்தக் கேள்வி போய்விட்டது.

ஜான்சன் 1918இல் வடக்கு அலபாமாவின் மலைப்பாங்கான வின்ஸ்டன் கவுண்டியில் பிறந்தவர். 1861இல் மாநிலமே நாட்டைவிட்டுப் பிரியக் கிளம்பியபோது, நாங்கள் வரமாட்டோம் என்று முரண்டு பிடித்த மண் அது. அலபாமா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். இரண்டாம் உலகப் போரில் நார்மண்டியில் காயம்பட்டார். ஊர் திரும்பி ஜாஸ்பர் என்ற சிற்றூரில் வக்கீல் தொழில். 1953இல் வடக்கு அலபாமாவின் அரசு வழக்கறிஞர். அந்தப் பதவியில் அவர் செய்த ஒரு காரியத்தை மட்டும் சொல்லியாக வேண்டும்: கறுப்பினத் தொழிலாளர்களைக் கொத்தடிமைகளாக வைத்திருந்த வெள்ளையர்களைக் கூண்டில் ஏற்றித் தண்டனை வாங்கித் தந்தார். அந்த வட்டாரத்தில் அன்று யாரும் எதிர்பார்க்காத தீர்ப்பு.

1955 அக்டோபரில் ஜனாதிபதி ஐசனோவர் அவரை மாண்ட்கோமரியின் நீதிபதியாக நியமித்தார். வயது 36. டிசம்பர் 1ஆம் தேதி, இதே ஊரில், பேருந்தில் எழுந்து இடம் தர மறுத்ததற்காக ரோசா பார்க்ஸ் கைதானார். செனட் ஜான்சனை ஏற்றுக்கொண்டதே 1956 ஜனவரியில்தான். நாற்காலியில் சரியாக உட்காருமுன் நூற்றாண்டின் வழக்கு வாசலுக்கு வந்துவிட்டது.

அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் ரோசா பார்க்ஸ் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. நான்கு பெண்கள் தொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் கிளாடெட் கால்வின். ரோசா பார்க்ஸுக்கு முன்பே, 15 வயதில், அதே குற்றத்துக்காகக் கைதான பள்ளி மாணவி. அந்தச் சிறுமி இந்தக் கட்டடத்துக்குள்தான் வந்து சாட்சி சொன்னாள். மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அது. விசாரணை முடிந்து தனியறைக்குப் போனதும், மூத்தவரான ரைவ்ஸ் முதலில் கேட்டது இளையவரான ஜான்சனைத்தான். பேருந்தில் இனப்பிரிவினை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அவர் தயங்காமல் சொன்னார். ரைவ்ஸும் அதையே சொல்ல, இரண்டுக்கு ஒன்று என்று 1956 ஜூனில் தீர்ப்பு. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

வாஷிங்டனில் இருப்பவர்களுக்கு அலபாமா ஒரு வழக்குக் கட்டு. விசாரணை நீதிபதிக்கு அது குடியிருக்கும் ஊர். தீர்ப்பு எழுதிய கையோடு அதே கடைத்தெருவில் நடக்க வேண்டும். ஜான்சன் வீட்டுப் புல்வெளியில் சிலுவையைக் கொளுத்தினார்கள். 1967இல் அவருடைய தாயாரின் வீட்டில் குண்டு வெடித்தது. அம்மா உயிர் தப்பினார். சட்டக் கல்லூரியில் கூடப் படித்த ஜார்ஜ் வாலஸ், பிறகு மாநில ஆளுநராகி, அவரையே மேடைதோறும் வசைபாடினார்.

1961 மே 20 அன்று, பேருந்துப் பயணத்தில் இனப்பிரிவினையை எதிர்த்துக் கிளம்பிய ஃப்ரீடம் ரைடர்ஸ் இந்தப் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் கும்பல் அடித்து நொறுக்கியதை, நீதித்துறை அதிகாரி ஜான் டோர் ஃபெடரல் கட்டடத்தின் ஜன்னலிலிருந்து பார்த்துத் தொலைபேசியில் மேலிடத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜன்னலையும் நிலையத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். அவ்வளவு கிட்டே. ஜான்சன் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்துக்குத் தடை விதித்தார்; பயணிகளைக் காப்பாற்றாத நகரப் போலீசையும் விடவில்லை. பயணத்தை நடத்தியவர்களுக்கும் சில நாள் தற்காலிகத் தடை போட்டார். யாருக்கும் செல்லப்பிள்ளையாக இருக்க அவர் சம்மதிக்கவில்லை.

1965இல் செல்மா என்ற ஊரிலிருந்து, வாக்குரிமை கேட்டு மாண்ட்கோமரிக்கு ஊர்வலம் கிளம்பியது. பாலத்தின் மேல் அவர்களைப் போலீஸ் அடித்த பிறகு, ஜான்சன் விசாரணை முடியும்வரை ஊர்வலம் கூடாது என்று நிறுத்தி வைத்தார். சாட்சிகளைக் கேட்டார். மார்ச் 17 அன்று அனுமதி தந்தார். எவ்வளவு பெரிய அநீதியோ அதற்கேற்ற அளவு எதிர்ப்பைத் தெருவில் காட்டவும் உரிமை உண்டு என்பதுதான் அவர் சொன்ன நியாயம். நெடுஞ்சாலை இருவழியாகக் குறுகும் இடத்தில் 300 பேர்தான் நடக்கலாம் என்ற கணக்கு வரை உத்தரவில் இருந்தது. 54 மைல். மார்ச் 25 அன்று சுமார் 25,000 பேர் மாநிலச் சட்டமன்றத்தின் முன் நின்றார்கள். நானும் அந்த டெக்ஸ்டர் அவென்யூவில் ஏறி நடந்தேன். மேட்டில் வெள்ளைக் கட்டடம், வழியில் மார்ட்டின் லூதர் கிங் ஊழியம் செய்த செங்கல் தேவாலயம். கால் வலிக்கவில்லை, நெஞ்சுதான் கனத்தது.

பின்னாளில் மனநல மருத்துவமனைகளில் அடைபட்டவர்களுக்கும் சிறைக் கைதிகளுக்கும் மனிதருக்குரிய குறைந்தபட்ச வசதி வேண்டும் என்று உத்தரவிட்டவரும் இவரே. 1979இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உயர்ந்தார். அது பெரிய பதவிதான். ஆனால் அவருடைய வாழ்க்கை அந்த 24 ஆண்டுகளில், கீழ் நீதிமன்றத்தில்தான் இருக்கிறது என்பது என் தீர்மானம்.

மாண்ட்கோமரி போகிறவர்கள் அருங்காட்சியகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். செங்கல் அடைத்த அந்த வாசலின் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். பிறகு பக்கத்துக் கட்டடத்தின் பெயரைப் படியுங்கள். 1992இல், அவர் உயிரோடு இருக்கும்போதே வைத்த பெயர் அது.