தண்ணீரூற்றில் ஒரு நாள்

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். வீடிழந்த ஏறத்தாழ 75,000 பேரில் எங்கள் குடும்பமும் ஒன்று. முல்லைத்தீவுத் தண்ணீரூற்றிலிருந்து உம்மாவின் கையைப் பிடித்தபடி புத்தளம் போனவள் நான். இப்போது லண்டனில் வாழ்கிறேன். சென்ற விடுமுறையில் ஊருக்கு வந்தேன்.

ஒருநாள் சுப்ஹு தொழுதபின், முதுகுவலிக்காகப் பழகிய யோகாசனங்களை முற்றத்தில் பாய் விரித்துச் செய்தேன். வேலியோரம் நின்று சிரித்த சிறுமிகளையும் அழைத்தேன். மந்திரம் எதுவுமில்லை, மூச்சை இழுத்து விட்டு, உடம்பை வளைத்தோம், அவ்வளவுதான்.

பிறகு திண்ணையில் ஆங்கிலப் பாடம். மீள்குடியேறிய குடும்பத்துப் பிள்ளையொருத்தி மட்டும் கொப்பியை மறைத்தாள். பத்து வயது, தமிழே எழுத்துக்கூட்ட வரவில்லை. ஆங்கிலத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அவளோடு 'அ'னாவிலிருந்து தொடங்கினேன்.

அஸருக்குப் பின் முள்ளியவளையிலிருந்து உம்மாவின் பழைய தமிழ்த் தோழி பேத்தியோடு வந்தார். பேத்தி கும்மி சொல்லித்தர, எல்லோரும் கைதட்டிச் சுற்றினோம். உம்மாவும் தோழியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி அழுதார்கள்.

மாலையில் அந்தப் பிள்ளை தன் பெயரை எழுதிக் காட்டினாள். "நாளைக்கும் வருவீங்களா டீச்சர்?" என்றாள். மறுநாள் எனக்குப் பயணம். வெட்கிப் போனேன்.

இரவே பக்கத்து வீட்டில் உயர்தரம் படித்த பெண்ணிடம் பேசினேன். வாரம் இருநாள் அவள் கற்பிப்பாள். கொப்பி, புத்தகச் செலவு என்னுடையது. விடுமுறையில் ஊர்போகும் சகோதரிகளே, ஒருநாள் கற்பித்தால் மனம் நிறையும். மறுநாளுக்கும் ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டு வாருங்கள். அதுவே நிலைக்கும் தர்மம், இன்ஷா அல்லாஹ்.