பெயர்ந்த காரை

செட்டிநாட்டுப் பழைய இல்லங்களின் புறச்சுவர்கள் சுண்ணாம்புக் காரை பூசப்பெற்றவை. கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் அக்காரையிற் சேர்வதுண்டு. மழையில் நனைந்த சுவர் அதன் வழியே ஈரத்தை வெளிவிட்டு உலரும். காரை ஓரிடத்திற் பெயர்ந்ததும் வீட்டார் சிமெந்தை நாடுகின்றனர். விரைந்து இறுகும் அதன் வன்மை அவர்களை மயக்கிவிடுகிறது. சிமெந்தோ ஈரத்தை எளிதில் வெளிவிடாது. உள்ளே தங்கிய ஈரமும் உப்பும் செங்கல்லையே பொடியாக்கும். பின்னர்ச் சிமெந்துப் பூச்சு கல்லின் மேற்புறத்தையும் பற்றிக்கொண்டு விழும். காரையை இழந்த சுவருக்கு மருந்துண்டு. கல்லை இழந்த சுவருக்கு யாது செய்வது?

தேர்ந்த கொத்தனார் முதலில் நீர் புகும் வழியை அடைப்பார். பிறகு சுவரைத் தட்டிப் பார்த்து, பொள்ளலாய் ஒலிக்கும் பகுதியை மட்டும் கொத்தி எடுப்பார். அங்குச் சுண்ணாம்புக் காரையையே பூசுவார். அது இறுகச் சில வாரங்கள் ஆகும். தொடக்க நாட்களில் நனைத்த சாக்குகள் சுவரில் தொங்கும்.