ஈச்சிலம்பற்றில் கற்ற பாடம்

வெருகல் சித்திர வேலாயுத சுவாமியைத் தரிசிக்கத் திருகோணமலையிலிருந்து எமது பழைய மொறிஸ் மைனரிற் புறப்பட்டோம். தந்தையார் விட்டுச்சென்ற கார் அது. முன்னாளிற் படகில் ஏற்றிக் கடந்த துறையை, 2009 இல் திறக்கப்பெற்ற கிண்ணியாப் பாலத்தின்மேல் நொடியிற் கடந்தோம்.

ஈச்சிலம்பற்றை அடைந்ததும் எண்ணெய் கருகும் நாற்றம் எழுந்தது. அளவுகோலை உருவினால் நுனியில் மாத்திரமே ஈரம்! எண்ணெய் வற்றினால் எஞ்சினே இறுகிவிடும். பதறி, மேல்மூடியின் திருகுகளை இறுக்க முனைந்தோம்.

அயலிலிருந்த முதிய மெக்கானிக் ஒருவர் தடுத்தார்: "இறுக்காதையுங்கோ ஐயா. தக்கைக் கஸ்கெற் நசிந்தால் இன்னும் ஒழுகும்."

எஞ்சின் ஆறியபின் மண்ணெண்ணெயால் அழுக்கைத் துடைத்தார். புது எண்ணெய் ஊற்றிச் சிறிது ஓடவிட்டு, கசிவு தோன்றும் இடங்களை நோக்கினார். மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தது! உள்ளே திரண்ட அழுத்தமே எண்ணெயை வெளியே தள்ளியது. குழாயைத் துப்புரவாக்கியதும் மேற்கசிவு நின்றது.

"பின்பக்கம் ஒரு சொட்டு விழும். அங்கே சீல் இல்லை. எண்ணெயைத் திருப்பும் புரிப்பள்ளந்தான். எஞ்சின் சுழன்றால்தான் அது வேலை செய்யும்" என்றார்.

வழியெல்லாம் சிந்தித்தோம். மாணவர் தவறும்போது, அடைப்பைத் தேடாது திருகையன்றோ இறுக்கி வந்தோம்!