இன்ஜின் பின்னால் போன கதை

சேலத்திலிருந்து கோவை போகும் நெடுஞ்சாலையில் சங்ககிரி, குமாரபாளையம் பக்கம் லாரிகளுக்குப் பஞ்சமில்லை. பழைய லாரிகளில் டிரைவரின் பக்கத்திலேயே இன்ஜின். சித்திரை வெயிலில் அந்தச் சூட்டைக் கால் நன்றாகவே உணரும்.

அமெரிக்காவின் டிராக் ரேஸ் கார்களில் நிலைமை இதைவிட மோசம். கால் மைல் தூரம் நேர்கோட்டில் சீறிப் பாயும் கார்கள் அவை. இன்ஜின் முன்னால், டிரைவர் பின்சக்கரங்களுக்கும் பின்னால், கியர் பகுதி அவர் கால்களுக்கு நடுவே! 1970-ல் ஒரு பந்தயத்தில் அந்தப் பகுதி வெடித்துச் சிதற, டான் கார்லிட்ஸ் வலது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே இன்ஜினை முதுகுக்குப் பின்னால் தள்ள முடிவு செய்தார். அப்படிப்பட்ட கார்களை முன்பே சிலர் செய்து பார்த்ததுண்டு. அவை நேராக ஓட மறுத்தன. ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினால் சக்கரம் எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற கணக்கை மாற்றியதும் கார்லிட்ஸின் கார் சொன்ன பேச்சைக் கேட்டது. 1971-ல் பொமோனாவில் ஜெயித்தார். சில வருடங்களில் மற்றவர்களும் மாறினார்கள். எத்தனை கால்கள் தப்பினவோ!

இதே சேலம் சாலை போய்ச் சேரும் கோவையிலும் இன்ஜினைப் பின்னுக்குத் தள்ளியவர் ஒருவர் உண்டு. கரிவரதன். 1980-களின் கடைசியில், மாருதி 800-ல் முன்னால் இருக்கும் இன்ஜினை டிரைவருக்குப் பின்னால் வைத்து, 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். டிராக் கார் அல்ல, வளைந்து நெளியும் தடத்துக்கானது. விலை குறைவு என்பதால் நடுத்தர வீட்டுப் பையன்களுக்கும் ரேஸ் ஆசை வந்தது. நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டிய கார்களில் இதுவும் ஒன்று. 1995-ல் விமான விபத்தில் கரிவரதன் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான்.