ஒரு தாள் கூடுதலாக

அக்கா மகள் சென்னையில் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள். ஐந்து வருஷம் பி.ஆர்க்., அதுக்கு மேல ரெண்டு வருஷம் எம்.ஆர்க். 1972 சட்டப்படி அமைந்த கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற படிப்பு. "தோட்டவேலைக்கா இத்தனை செலவு? அதத்தான நாம காலங்காலமா செய்யறோம்" என்றது எங்க தெரு.

செடி வைக்கிற படிப்பில்லை. மழைத்தண்ணி எங்கே ஓடும், எங்கே தேங்கும், மண் எப்படி, காற்று எந்தப் பக்கம் என்று தனித்தனித் தாளில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்த பிறகே எது எங்கே என்ற முடிவு. இயன் மெக்ஹார்க் 1969இல் எழுதிய நூலால் பரவிய முறை.

இவர்களுக்கு வேதம் நியூயார்க் சென்ட்ரல் பார்க். ஓம்ஸ்டெட், வாக்ஸ் இருவரின் 1858 திட்டம். அங்கேதான் செனக்கா கிராமம் இருந்தது. 1825 முதல் கறுப்பர்கள் காசு கொடுத்து மனை வாங்கி, வீடும் சர்ச்சும் கட்டி வாழ்ந்த இடம். 250 டாலர் சொத்துள்ள கறுப்பு ஆணுக்குத்தான் அன்று அங்கே ஓட்டு. நிலம் போனால் அதுவும் போகும். 1857இல் எல்லோரையும் வெளியேற்றினார்கள்.

"கிளாஸ்ல சொன்னாங்களா?"

"ரெண்டு வரி, மாமா."

இறுதித் திட்டத்துக்கு எங்க ஊரையே எடுத்திருக்கிறாள். யாரும் கேட்காத ஒரு தாளையும் சேர்த்திருக்கிறாள்: யாருக்கு எந்தக் கிணறு, எந்தத் தெருவில் யார் நடக்கலாம், பிணம் போகிற வழி எது. வெள்ளத் தாளின்மேல் வைத்தால், தண்ணி தேங்குகிற பள்ளத்தில் அப்படியே சேரி. "இது சோஷியாலஜி, எடுத்துரும்மா" என்றாராம் ஆசிரியர். மார்க் அவர் கையில். எடுக்கலை. இப்போ எங்கம்மாவிடம் உட்கார்ந்து, விட்டுப்போன பாதைகளைக் கேட்டு வரைந்துகொண்டிருக்கிறாள்.