இரண்டு கடிகாரங்கள்

சிங்கப்பூரில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி தொடங்கியது. அந்தக் காலத்துப் பெட்டிகளில் ஒரு சிறிய குமிழ் இருந்தது. படம் மேலும் கீழுமாக உருளத் தொடங்கினால் அந்தக் குமிழை மெல்லத் திருப்ப வேண்டும். அது தெரியாதவர்கள் பெட்டியின் தலையில் தட்டுவார்கள். சில சமயம் படம் தானாகவே நின்றுவிடும். தட்டியதால்தான் சரியானது என்று அவர்கள் நம்பிவிடுவார்கள்.

படம் உருண்டதற்கு வேறு காரணம் இருந்தது. ஒளிபரப்பு நிலையம், ‘இதோ, புதிய படம்’ என்று அறிவிப்பதுபோல ஒவ்வொரு முறையும் ஒரு சமிக்ஞையை அனுப்பும். பெட்டி அதற்கு ஏற்பத் தன் ஓட்டத்தை அமைத்துக்கொள்ளும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் படம் நழுவும். குமிழைத் திருப்புவது, பின்தங்கிய கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைப்பதைப் போன்றது.

இதை நன்கு அறிந்த முதியவர் ஒருவர் அங் மோ கியோவில் தம் மகன் குடும்பத்துடன் வசித்து வந்தார். சிராங்கூன் சாலைக்கு அருகிலிருந்த ஒரு பழுதுபார்ப்புக் கடையில் அவர் ஏறத்தாழ 30 ஆண்டுகள் வேலை செய்தவர். தட்டையான திரைகள் வந்தபின், பழுதான பெட்டியைத் திருத்துவதைவிடப் புதியது வாங்குவதே எளிது என்று ஆகிவிட்டது. கடை மூடப்பட்டது. அவருடைய திருப்புளிகள் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. வீட்டில் எந்தக் கருவி பழுதானாலும் யாரும் அவரிடம் கேட்பதில்லை.

அவருடைய மனைவி மறைந்து ஓராண்டு நிறைவடையவிருந்தது. ஞாயிற்றுக்கிழமை உறவினர்கள் வீட்டிற்கு வருவதாக இருந்தார்கள். உயர்நிலை மூன்றில் படிக்கும் பேத்தி, பாட்டியின் நினைவாக ஒரு காணொளியைத் தயாரித்தாள். அதில் பெரும்பாலும் புகைப்படங்களே இருந்தன. மூன்று நிமிடக் காட்சி ஒன்று மட்டும் 1994இல் ஒளிநாடாவில் பதிவானது. புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்த ஒரு திருமண விருந்தில் பாட்டி பந்தியில் நடந்து நடந்து பரிமாறிக்கொண்டிருந்தார். பாட்டி நடமாடும் காட்சி அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

மடிக்கணினியில் காணொளி நன்றாக ஓடியது. எச்டிஎம்ஐ கேபிள் வழியாகத் தொலைக்காட்சியில் இணைத்தபோதுதான் சிக்கல் எழுந்தது. பாட்டி நடக்கும்போதெல்லாம் திரையின் குறுக்கே ஒரு கோடு தோன்றியது. கோட்டுக்கு மேலே இருந்த பகுதி ஓரிடத்திலும் கீழே இருந்த பகுதி சற்று விலகியும் தெரிந்தன. சில நொடிகளில் அந்தக் கோடு பாட்டியின் முகத்தின் மீதே விழுந்தது.

அப்பா புதிய கேபிள் ஒன்றை வாங்கி வந்தார். கோடு போகவில்லை. “இது பழைய தொலைக்காட்சி. வேறு வாங்கிவிடலாம்,” என்றான் அண்ணன். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள்களே இருந்தன.

அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த தாத்தா, “படம் அசையாமல் நிற்கும்போது கோடு தெரிகிறதாம்மா?” என்று கேட்டார்.

பேத்தி புகைப்படங்களை ஓடவிட்டுப் பார்த்தாள். “இல்லை, தாத்தா. அசையும்போது மட்டும்தான்.”

“அப்படியானால் கேபிள் மீது குற்றமில்லை. கேபிள் பழுதாக இருந்தால் நிற்கும் படமும் கெட்டுப் போகுமே. புள்ளிகள் மின்னும், சில சமயம் படமே மறைந்துவிடும்.”

அடுத்து, அவள் கணினியிலேயே திரையைப் படம் பிடித்துப் பார்த்தாள். அந்தப் படத்தில் கோடு இல்லை. கைத்தொலைபேசியால் தொலைக்காட்சியைப் படம் பிடித்தாள். அதில் கோடு இருந்தது. அப்படியென்றால், கணினி உருவாக்கும் படம் முழுமையாகத்தான் இருக்கிறது. தொலைக்காட்சியைச் சென்றடையும்போதுதான் அது கிழிகிறது.

தாத்தா நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டு அமர்ந்தார். “கோட்டைக் கவனித்துப் பார். அது அங்கும் இங்கும் தாவவில்லை. மெல்ல மெல்ல மேலே ஊர்ந்து போகிறது. இரண்டு கடிகாரங்கள் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஓடினால்தான் இப்படி ஊரும். பழைய பெட்டியிலும் குமிழைச் சரியான இடத்துக்கு அருகில் கொண்டுவரும்போது படம் இப்படித்தான் மெதுவாக நகரும்.”

“ஆனால் இங்கே குமிழ் இல்லையே, தாத்தா.”

“குமிழ் எங்கே இருக்கிறது என்று நீதான் தேடவேண்டும். எனக்கு இந்தப் பெட்டிகளின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.”

பேத்தி கணினியின் திரை அமைப்புகளைத் திறந்தாள். மடிக்கணினித் திரை, தொலைக்காட்சி ஆகிய இரண்டும் வினாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிப்பதாகக் காட்டின. ஒரு முறைக்கு ஏறக்குறைய 16.7 மில்லிவினாடி. வேகம் ஒன்றுதான். ஆனால், இரண்டு கடிகாரங்களும் சரியாக ஓடினாலும் அவற்றின் முட்கள் ஒரே கணத்தில் 12ஐத் தொடவேண்டும் என்பதில்லை. ஒரே காட்சி இரண்டு திரைகளிலும் தெரியும்படி அவள் அமைத்திருந்தாள். கணினி தன் சொந்தத் திரைக்கு ஏற்றபடி படத்தை மாற்றிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் தொலைக்காட்சி முந்தைய படத்தைப் பாதிவரைதான் வரைந்திருந்தது. அதனால் மேல்பாதியில் பழைய படமும் கீழ்ப்பாதியில் புதிய படமும் சேர்ந்து தெரிந்தன.

அவள் அமைப்பை மாற்றி, தொலைக்காட்சித் திரையில் மட்டும் காட்சி வரும்படி செய்தாள். மடிக்கணினியின் திரை அணைந்தது. இப்போது கணினி ஒத்துப்போக வேண்டியது ஒரே ஒரு கடிகாரத்தோடுதான்.

காட்சி மீண்டும் ஓடியது. பாட்டி வாளியுடன் பந்தியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார். கோடு எங்கும் விழவில்லை. யாரோ கூப்பிட, அவர் திரும்பிச் சிரித்தார்.

“இன்னொரு முறை போடும்மா,” என்றார் தாத்தா.

புதிய தொலைக்காட்சி வாங்கும் பேச்சு அத்துடன் நின்றது. கணினியிலும் தொலைக்காட்சியிலும் பழுது ஏதுமில்லை. இரண்டுக்கும் இடையில் இருந்த சிறு பொருத்தமின்மையே அத்தனை தொல்லையையும் தந்தது. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, மாற்றிய பின் என்ன நடந்தது என்று கவனித்ததால்தான் அது பிடிபட்டது. குமிழைப் பற்றித் தெரிந்தவருக்குத் திரை அமைப்புகள் தெரியவில்லை. திரை அமைப்புகளைத் தெரிந்தவளுக்குக் கோட்டின் நடையைப் படிக்கத் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து அண்ணன் தாத்தாவின் அறை வாசலில் வந்து நின்றான். “என் கணினியில் விளையாடும்போதும் படம் கிழிகிறது, தாத்தா. கொஞ்சம் வந்து பாருங்களேன்.”

“கோடு ஊர்கிறதா, தாவுகிறதா?”

“தாவுகிறது.”

விளையாட்டில் ஒரு படத்தை உருவாக்க ஆகும் நேரம் கணத்துக்குக் கணம் மாறும். அதனால்தான் கோடும் தாவியது. பேத்தி விளையாட்டின் அமைப்புகளில் ‘வி-சிங்க்’ என்பதைத் தேர்ந்தெடுத்தாள். திரை ஒரு படத்தை முழுமையாக வரைந்து முடிக்கும்வரை அடுத்த படத்தைக் காத்திருக்கச் செய்யும் வசதி அது. கோடு மறைந்தது. ஆனால், விசையை அழுத்தியபின் விளையாட்டு வீரர் சற்றுத் தாமதமாக அசைவதாக அண்ணன் குறைப்பட்டுக்கொண்டான்.

“ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருந்தால் கொஞ்சம் தாமதமாகத்தான் செய்யும்,” என்றார் தாத்தா. “வேகம் வேண்டுமா, முழுப் படம் வேண்டுமா என்று நீதான் முடிவு செய்யவேண்டும்.”