காற்றும் கலவையும்

பெட்ரோல் தனித்து எரிவதில்லை; காற்றோடு கலந்தே எரிகிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும் என்பது பொறியியலார் கணக்கு. காற்று மிகுந்தால் கலவை மெலிந்து இயந்திரம் கொதிக்கும். பெட்ரோல் மிகுந்தால் கலவை செறிந்து கரும்புகை கக்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவைக் காத்து நிற்பதே கார்புரேட்டரின் பணி. உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்த உலோகத் துண்டு, எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்காகவே வளர்ந்து நின்றது. அதைப் பற்றி வாசகரோடு சற்றுப் பேச விழைகிறோம்.

'நாங்கள்' என்று எழுதுவது மரியாதைப் பன்மை அன்று. இதை எழுதுவோர் உடன்பிறந்தார் இருவர், திருச்சியில் வாழ்பவர்கள். வழக்குக்குக் காரணமான வண்டி 1972ஆம் ஆண்டு எங்கள் தந்தை வாங்கிய 350 புல்லட். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த அந்த வண்டியை, 1955இல் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் உருவாக்கி வந்தது. ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்ட பின்னும் திருவொற்றியூரில் வேலை நிற்கவில்லை. ஒற்றைச் சிலிண்டர், 346 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, 70 மில்லிமீட்டர் அகலத் துளையில் 90 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்கும் பிஸ்டன். நிதானமாக அடிக்கும் அதன் ஓசையைக் கேட்டே தந்தையின் வருகையை அறிந்து, விளையாட்டை விட்டுப் புத்தகத்தைத் தேடிய நாள்கள் எங்களுக்கு உண்டு.

பார்வை மங்கியபோது, 2004இல், தந்தை அந்த வண்டியை வத்தலக்குண்டிலிருந்த சித்தப்பாவிடம் கொடுத்தார். அதை ஓட்டியவன் சித்தப்பாவின் ஒரே மகன், எங்கள் தம்பி. கைவேலையில் அளவிறந்த ஆர்வம் உடையவன். 24 மில்லிமீட்டர் வாயுடைய கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, 500 புல்லட்டுக்கு உரிய 28 மில்லிமீட்டர் கார்புரேட்டரை மாட்டினான். காற்று வடிகட்டிப் பெட்டியை எடுத்துவிட்டுத் திறந்த வடிகட்டியைப் பொருத்தினான். சைலன்சரையும் மாற்றினான். 2014இல் நோயுற்று மறைந்தான். அதன்பின் தார்ப்பாய்க்குள் உறங்கிய வண்டியை, 2022இல் சித்தி எங்களிடம் ஒப்படைத்தார். "தம்பிகளா, அவன் கை பட்டது எதையும் கழட்டிப் போட்டுடாதீங்கப்பா" என்பது மட்டுமே அவர் கேட்டுக்கொண்டது.

இங்கேதான் வழக்குத் தொடங்கியது. எங்களுள் மூத்தவர், வண்டி அப்பாவின் காலத்தில் இருந்தபடியே ஆக வேண்டும் என்றார். அவர் பக்கம் சட்டமும் இருந்தது. 2021இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகன விதிகளின்படி, 50 ஆண்டுகள் நிறைந்து மூல வடிவம் மாறாத வண்டியைப் பழம்பெரும் வண்டியாகப் பதிவு செய்யலாம். எங்கள் வண்டிக்கு அந்த ஆண்டுதான் 50 நிறைந்திருந்தது. இளையவர், சித்தியின் சொல்லைத் தட்டக்கூடாது என்றார். மேலும், முதலில் இருந்த கார்புரேட்டர் தேய்ந்தபோது, 1990களில் தந்தையே வேறொன்றை வாங்கி மாட்டியவர்தாம். அவ்வாறாயின் 'மூல வடிவம்' என்பது எந்த ஆண்டின் வடிவம்? அப்பாவின் நினைவைக் காக்க, தம்பியின் நினைவை அகற்ற வேண்டுமா? இக்கேள்விக்கு விடை காணாமல் பல மாதங்கள் கடந்தன. வண்டி சுவரோரம் நின்றது. வீட்டிலும் பேச்சுக் குறைந்தது.

இதற்கிடையே வண்டியும் தன் குறையைச் சொல்லிற்று. கைப்பிடியைத் திருகினால் ஒரு கணம் திணறிய பின்பே பாய்ந்தது. விட்டுவிட்டால் சைலன்சரில் பட்பட்டென்று வெடித்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அதன் முனை சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. இவை மூன்றும் மெலிந்த கலவையின் அடையாளங்கள். அந்த நிலையில் நெடுஞ்சாலையில் முறுக்கிப் பிடித்து ஓட்டினால் பிஸ்டன் மிகையாகச் சூடேறி விரிந்து, சிலிண்டருக்குள் இறுகிக்கொள்ளும். ஓடும்போதே பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். மூத்தவரின் மகன் அதை ஓட்டிப் பார்க்கத் துடித்துக்கொண்டிருந்தான். ஆகவே, எவருடைய வண்டி என்ற வழக்கை ஒதுக்கிவிட்டு, அது எவரையும் கொல்லாத வண்டியாக ஆகட்டும் என்று பாலக்கரையில் ஒரு முதிய மெக்கானிக்கிடம் கொண்டுசென்றோம். அவரை ஊரார் 'பாய்' என்றே அழைப்பர். நாங்களும் அவ்வாறே அழைத்தோம்.

பாய் கார்புரேட்டரைத் தொடவில்லை. முதலில் பாயிண்ட் இடைவெளியைச் சரிபார்த்தார், பின் டைமிங், பின் டாப்பெட். கார்புரேட்டர் சிலிண்டரோடு சேரும் இடத்தில் காற்றுக் கசிகிறதா என்றும் பார்த்தார். "மத்ததெல்லாம் ஒழுங்கா இருந்தாத்தான் தம்பி, கார்புரேட்டர் உண்மையைப் பேசும்" என்றார். அன்று கற்ற முதல் பாடம் அது.

அதன்பின் கருவியைப் பிரித்து மேசைமேல் பரப்பினார். அதன் உள்ளமைப்பு எளியது. காற்று செல்லும் வழி இடையில் குறுகுகிறது. குறுகிய இடத்தில் காற்றின் வேகம் கூடுகிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. அந்த அழுத்தக் குறைவே கீழேயுள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோலை மேலே இழுத்துத் துளிகளாய்ச் சிதறடிக்கிறது. எவ்வளவு பெட்ரோல் என்பதை முடிவு செய்பவை ஜெட் எனப்படும் சிறு பித்தளைத் துளைகள். வண்டி நின்றபடி ஓடும்போதும், கைப்பிடியைச் சற்றே திருகும்போதும் பைலட் ஜெட் ஊட்டுகிறது. நடுத்தர ஓட்டத்தில், ஸ்லைடோடு சேர்ந்து ஏறி இறங்கும் நீடில் அளக்கிறது. முழுவதும் திருகும்போது மெயின் ஜெட் ஆள்கிறது. வாய் அகன்ற கார்புரேட்டரில் காற்றின் வேகம் தளர்வதால், தாழ்ந்த ஓட்டத்தில் பெட்ரோலை இழுக்கும் வலிமையும் குறையும். அதை அறிந்து மற்றவற்றைத் திருத்தினாலன்றிப் பெரிய கார்புரேட்டரால் பயன் இல்லை.

மெயின் ஜெட்டில் பொறித்த எண்ணைப் பூதக்கண்ணாடியில் பார்த்த பட்டறைப் பையன், "இவ்வளவு சின்ன ஜெட்டா? தெரியாத ஆளு எவனோ மாட்டியிருக்கான்" என்று சிரித்தான். பாய் சிரிக்கவில்லை. "இந்த வண்டி எங்கே ஓடிக்கிட்டிருந்துச்சு தம்பி?" என்று எங்களைக் கேட்டார்.

கொடைக்கானலில் என்றோம். தம்பிக்கு அங்கேதான் வேலை. எட்டாண்டுகள் வாரம்தோறும் அந்த மலைப்பாதையில் ஏறி இறங்கியது இவ்வண்டியே.

"அப்ப அவன் தெரியாத ஆள் இல்லே" என்றார் பாய்.

அவர் விளக்கியபோது நாங்கள் வாயடைத்து நின்றோம். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டரோ காற்றை எடைபோடுவதில்லை. உள்ளே வரும் காற்று மெலிந்தது என்பதை அது அறியாது. பெட்ரோலை வேண்டியதற்கு மேலாகவே கொடுத்துவிடும். கலவை செறிந்து, பிளக் கரிபிடித்து, ஏற்றத்தில் வண்டி மூச்சு முட்டும். அங்கு ஓட்டுபவர் சிறிய ஜெட்டை மாட்டியாக வேண்டும். தம்பி செய்தது அதுவே. மலையில் சரியாக இருந்த அளவு, கடல் மட்டத்துக்கு அருகிலுள்ள திருச்சியின் அடர்ந்த காற்றில் குறைவாகிவிட்டது. அவனுடைய வேலையில் பிழை இல்லை. வண்டி நின்ற இடம் மாறியிருந்தது.

வேறொரு காரணத்தையும் பாய் சொன்னார். இப்போது நம் நாட்டில் விற்கப்படும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனாலின் உள்ளேயே ஆக்சிஜன் உண்டு. ஒரு கிராம் எத்தனாலுக்கு ஏறத்தாழ 9 கிராம் காற்றே போதும். ஆகவே பழைய அளவில் ஓடும் கார்புரேட்டர் இன்றைய பெட்ரோலில் மேலும் மெலிந்த கலவையைத் தரும். தம்பி ஜெட்டைத் தேர்ந்த நாளில் பெட்ரோலும் இதுவாக இல்லை.

திருத்தும் வேலை மூன்று காலை நேரங்களை எடுத்துக்கொண்டது. மெயின் ஜெட் இரண்டு அளவு பெரியதாயிற்று. நீடிலின் தலையில் ஐந்து வெட்டுகள் உண்டு; அதைப் பற்றும் கிளிப்பை ஒரு வெட்டுக் கீழே இறக்கி நீடிலை உயர்த்தினார். காற்றுத் திருகை முழுவதும் மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து, பின் கால் சுற்றுக் கால் சுற்றாக நகர்த்தி, இயந்திரம் எங்கே தயக்கமின்றி ஓடுகிறது என்று காதால் தேடினார். அக்கணத்தில் பட்டறையில் எவரும் பேசக்கூடாது. ஒவ்வொரு முறையும் விடியற்காலையில் வெறுமையான சாலையில் ஓட்டி, வேகத்திலேயே கிளட்சைப் பிடித்து இயந்திரத்தை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். வெண்மை முதல் நாள் சாம்பலாகி, மூன்றாம் நாள் சுட்ட செங்கல்லின் இளம்பழுப்பாயிற்று. வெடிப்பு நின்றது. திணறலும் நீங்கியது.

வழக்கும் அப்போது தானாகவே தளர்ந்தது. 'ஒரு பையனின் விளையாட்டு' என்ற சொல்லை மூத்தவர் அதன்பின் எடுக்கவில்லை. 28 மில்லிமீட்டர் கார்புரேட்டர் அப்படியே இருக்கட்டும் என்றவர் அவரே. பழம்பெரும் வண்டி என்ற பதிவை நாடுவதில்லை என்றும் முடிவாயிற்று. ஆனால் சைலன்சர் விஷயத்தில் இளையவரும் இணங்க வேண்டியிருந்தது. சட்டம் ஒலியைக் கட்டுப்படுத்துகிறது, தெருவில் முதியோரும் குழந்தைகளும் உறங்குகிறார்கள். ஒலி அடங்கிய சைலன்சரை மாட்டினோம். வெளியேறும் வழி குறுகியதால், பாய் மீண்டும் ஒருமுறை கலவையைச் சரிசெய்தார். கழற்றியதைத் துணியில் சுற்றிச் சித்தியிடமே சேர்த்தோம். காரணத்தைக் கேட்டபின், "அவன் சத்தமா ஓட்டுறான்னு நானே திட்டுவேன்" என்றார்.

இந்தக் கலை இனி எத்தனை நாள்? 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் கணினியே காற்றை அளந்து பெட்ரோலைத் தெளிக்கிறது. மலையேறினாலும் அது தானே உணர்ந்து திருத்திக்கொள்ளும். அது நல்லதே, புகை குறைகிறது, விபத்தும் குறையலாம். எனினும் நம்மிடையே ஓடும் பழைய வண்டிகளுக்கு அந்த உணர்வு கிடையாது. அவற்றுக்காக எங்கே ஓடினாய், எந்தக் காற்றில் ஓடினாய் என்று கேட்டு அறிய ஒரு மனிதர் வேண்டும். பாயின் பட்டறையில் சிரித்த அந்தப் பையன், இப்போது எந்தப் பழைய வண்டி வந்தாலும் முதலில் ஊரைக் கேட்கிறானாம்.

தம்பி மாட்டியிருந்த சிறிய ஜெட்டை எறியவில்லை. ஒரு சிறு டப்பாவில் இட்டு, வண்டியின் கருவிப் பெட்டியிலேயே வைத்திருக்கிறோம். வரும் மே மாதம் மூத்தவரின் மகன் கொடைக்கானல் செல்ல எண்ணியிருக்கிறான். வத்தலக்குண்டில் சித்தி வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தி, ஜெட்டை மாற்றிக்கொண்டு மேலே ஏறு என்று அவனிடம் சொல்லியிருக்கிறோம்.